எண்ணூறு அடி

2005 அக்டோபர் வரை மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் கேசினோ தண்ணீரில்தான் நின்றாக வேண்டும். சட்டம் அப்படி. 1990இல் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்த சட்டமன்றம் அதை மண்ணில் இறங்க விடவில்லை. மிதக்கும் கலத்துக்குள் ஆடிக்கொள்ளலாம், கலம் எங்கும் பயணம் போக வேண்டியதில்லை, துறையில் கட்டியே கிடக்கலாம் என்பது ஏற்பாடு. தேவாலயத்துக்குப் போகும் வாக்காளருக்கும் வரி வருமானம் தேடும் அரசுக்கும் இடையே எட்டிய சமரசம் அது. 1992 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிலாக்ஸி நகரத்தில் ஐல் ஆஃப் காப்ரி என்ற முதல் கேசினோ திறந்தது. பிறகு கல்ஃப்போர்ட், பே செயின்ட் லூயிஸ் என்று கரை நெடுகப் பரவி, 2005இல் பன்னிரண்டு கேசினோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹார்ட் ராக் என்ற பதின்மூன்றாவது இன்னும் சில நாளில் திறப்பதாக இருந்தது.

நான் அங்கே ஸ்லாட் மெஷின் எனும் சூதாட்டப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியனாக இருந்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, உறவினர் ஒருவர் மூலம் அமெரிக்கா போய், டிவி பழுது பார்க்கும் கடையில் தொடங்கி இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவன். இப்போது சிங்கப்பூரிலும் கப்பல்களிலும் இதே வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள் என்னிடம் புயல் காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், கேசினோ என்றால் விளக்கும் சீட்டும் மட்டுமே என்று நினைக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொன்ன அந்த மிதக்கும் கலத்தைப் பார்ஜ் என்போம். அதைப் படகு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அடியில் இரும்பாலான தட்டையான மிதவை, அதன்மேல் இரண்டு மூன்று தளக் கட்டடம். கரையில் ஓட்டல், ஓட்டலிலிருந்து கம்பளம் விரித்த நடைவழி, அது எந்த இடத்தில் முடிந்து பார்ஜ் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இணைப்பில் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். ஸ்லாட் மெஷினை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கும். ஓதம் ஏறினால் தகடு ஒரு பக்கமும் இறங்கினால் மறு பக்கமும் சாயும்.

1998இல் ஜார்ஜஸ் புயல் பிலாக்ஸிக்குப் பக்கத்தில்தான் கரை ஏறியது. பார்ஜுகள் தாங்கிவிட்டன. அந்த நினைவு எல்லாருக்கும் தைரியம் கொடுத்தது. இன்னும் பழைய நினைவு ஒன்றும் இருந்தது: 1969இன் கமீல். பாஸ் கிறிஸ்டியன் ஊரில் கமீலின்போது கடல் 24 அடி உயர்ந்தது. அந்த வட்டாரத்து முதியவர்களுக்கு அதுதான் அளவுகோல். கமீலுக்கு நனையாத வீடு எதற்கும் நனையாது என்பார்கள். 2005இல் கட்ரீனா புயல் கரை தொட்டபோது காற்றின் வேகத்தில் கமீலைவிடக் குறைவு. ஆனால் அகலம் பல மடங்கு. வளைகுடாவின் நடுவில் உச்ச வலுவோடு இருந்தபோது திரட்டிய நீரை, ஆழமில்லாத அந்தக் கடற்பரப்பு வழியாக மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே வந்தது. அதே பாஸ் கிறிஸ்டியனில் நீர் 28 அடியை நெருங்கியது. கமீலை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட பலர் அந்த நான்கடி வித்தியாசத்தில் போனார்கள்.

கேசினோக்களுக்குள் யாரும் இல்லை. புயல் நெருங்கும்போது மூட வைக்கும் அதிகாரம் மாநிலச் சூதாட்ட ஆணையத்திடம் இருந்தது. திங்கட்கிழமை, ஆகஸ்ட் 29 காலை கடல் எழுந்தபோது எல்லாக் கூடமும் காலியாகிவிட்டிருந்தது. கேசினோவை மூடுவது கதவை இழுத்துப் பூட்டும் காரியம் இல்லை. ஒவ்வொரு மெஷினின் வயிற்றிலும் நோட்டு விழும் பெட்டி இருக்கும். அதை எடுத்து, முத்திரை சரிபார்த்து, எண்ணும் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத்தான் டிராப் என்போம். பிறகு ஒவ்வொரு மெஷினின் மீட்டரையும் படிக்க வேண்டும்: உள்ளே போன தொகை, வெளியே கொடுத்த தொகை, பரிசு, நிரப்பியது. கணக்கு சர்வரின் நகல் டேப்புகளை யாராவது கையோடு வடக்கே எடுத்துப் போக வேண்டும். பணம் பாதுகாப்பு வண்டியில் உள்நாட்டு வங்கிக்குப் போக வேண்டும். எல்லாம் முடித்து மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் நாங்கள் வெளியேறினோம். அன்றைக்கு அலுப்பாக இருந்த அந்த மீட்டர் வாசிப்புத்தான் பின்னால் எங்கள் கூடத்தைக் காப்பாற்றியது.

திரும்பி வந்தபோது கடற்கரைச் சாலையான 90ஆம் நெடுஞ்சாலை மணலுக்கு அடியில் கிடந்தது. பிலாக்ஸியையும் ஓஷன் ஸ்பிரிங்ஸையும் இணைத்த பாலத்தின் காங்கிரீட் பலகைகள் சீட்டுக்கட்டைச் சரித்து வைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பிரசிடென்ட் கேசினோவின் பார்ஜ் கடலை விட்டுக் கிளம்பி, சாலையைத் தாண்டி, ஒரு ஓட்டலின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. கிராண்ட் கேசினோவின் பார்ஜ் ஒன்று, கட்டுமானத்தில் இருந்த ஓர்-ஓகீஃப் கலைக்கூடத்தை நசுக்கிவிட்டது. பிராங்க் கெரி வடிவமைத்த அந்தக் கலைக்கூடத்தைத் திறக்க 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நூற்றாண்டு கடந்து நின்ற டல்லிஸ்-டொலிடானோ மாளிகை இருந்த இடமே தெரியவில்லை. மிதக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன ஒரே காரணத்தால், அவ்வளவு எடையுள்ள இரும்பு, புயல் நீரில் ஊருக்குள் பாய்ந்திருக்கிறது. இதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சூதைக் கண்ணில் படாமல் வைக்கச் செய்த ஏற்பாடு, அக்கம்பக்கத்து வீடுகளின் தலையில் விழுந்தது.

ஸ்லாட் மெஷினுக்கு உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்: காய வைத்து ஓட்டக் கூடாதா? கூடாது. தண்ணீர் வடிந்த பின்னும் உப்பு சர்க்யூட் போர்டில் தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செம்புத் தடங்கள் பச்சை பூத்து, சில நாளில் இணைப்புகள் அரித்துப்போகும். மெஷின் சில நேரம் உயிரோடுகூட எழும். திரை ஒளிரும், பொத்தான் வேலை செய்யும். ஆபத்தே அங்கேதான். விளையாட்டின் நினைவகத்தில் ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும், வாடிக்கையாளர் ஜெயித்த தொகை தப்பாகலாம், கேசினோவின் கணக்கு தப்பாகலாம், இரண்டையும் யாராலும் நிரூபிக்க முடியாமல் போகலாம். தண்ணீர் எட்டாத மேல்தளத்து மெஷின்களையும் நாங்கள் காப்பாற்றவில்லை. ஏசி இல்லாத செப்டம்பர் வெக்கையில், மூடிய கூடத்துக்குள் ஈரம் நின்று, பூஞ்சணம் கம்பளத்திலிருந்து ஏறி மெஷின் விசிறிகளுக்குள் போயிருந்தது. அந்த வாசனையை அறிந்தவர்கள் யாரும் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

அழிப்பதும் சுலபம் இல்லை. 1951ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று சூதாட்டக் கருவி மாநில எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. மெஷின் கண்ட இடத்தில் கிடப்பதும் கண்டவர் கையில் இருப்பதும் கூடாது. ஆகவே மணலில் பாதி புதைந்த ஒவ்வொரு பெட்டியையும் தேடி, பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணைத் துடைத்து, எங்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டியிருந்தது. விளையாட்டின் மூளையாக இருந்த சிப்பை, ஆணையத்தின் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, தனியே எடுத்து உடைத்தோம். எண் கிடைக்காத மெஷினுக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். ஓட்டலும் கூடமும் இழந்த ஒரு நிறுவனம் காணாமல் போன ஒரு பெட்டிக்காக ஒரு பக்கம் எழுதுவது வெளியாளுக்கு அற்பமாகத் தெரியலாம். எனக்கு அது அந்த மாதங்களின் மிக மரியாதையான வேலையாக இருந்தது. எங்கும் எதற்கும் கணக்கு இல்லாமல் போன நேரத்தில், ஒரு இடத்திலாவது கணக்கு நின்றது.

பணத்தின் கதையும் அதேதான். நனைந்து ஒட்டிப்போன டாலர் நோட்டுக்கு அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது. நோட்டு அச்சிடும் துறையில் சேதமடைந்த நோட்டுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. நோட்டில் பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்தால் முழு மதிப்பும் தருவார்கள். ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே பொதிந்து அனுப்ப வேண்டும். சில்லுகளுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. மேசையில் வைத்து ஆடும் சில்லு, கேசினோ வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய கடனின் அடையாளம். கேசினோ மூடுவதற்கு முந்தைய இரவு ஒருவர் நியாயமாக ஜெயித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன சில்லும், கடல் பெட்டகத்தைத் திறந்து மணலில் வீசிய சில்லும் பார்வைக்கு ஒன்றே. முன்னதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும், பின்னதற்குக் கொடுக்கக் கூடாது. இதைப் பிரிக்க மூடும் நேரத்தில் எடுத்த கணக்கைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

வளர்ந்துகொண்டே போகும் பெரும்பரிசு இன்னொரு சிக்கல். ப்ரோக்ரெஸிவ் என்போம். ஆடுபவர் போடும் ஒவ்வொரு டாலரிலிருந்தும் ஒரு சிறு பங்கு அதில் சேரும். மெஷின் கடலில் போய்விட்டாலும், அந்தப் பரிசில் சேர்ந்த தொகை ஆடியவர்களின் பணம். அதைக் கேசினோ விழுங்கக் கூடாது; திறந்த பிறகு வேறொரு மெஷினின் பரிசில் சேர்த்து ஆடுபவர்களுக்கே திருப்ப வேண்டும். எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதற்கு மின்சாரத்தை அணைக்குமுன் நாங்கள் எழுதி வைத்த காகிதம் இருந்தது. கூடத்தில் வேலைக்குச் சேரும் எந்தப் பையனுக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மெஷின் விலைக்குக் கிடைக்கும். அணைக்கும் நேரத்தில் அது காட்டிய எண் திரும்பக் கிடைக்காது.

நாங்கள் சேற்றில் எண் தேடிக்கொண்டிருந்தபோது தலைநகர் ஜாக்சனில் சட்டம் மாறியது. ஆளுநர் ஹேலி பார்பர் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். கரையோரத்துக் கேசினோக்கள் மூடிக் கிடந்த ஒவ்வொரு நாளும் மாநிலத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் வரி போய்க்கொண்டிருந்தது. மறுபடி பார்ஜில் கட்டினால் காப்பீடு கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்று முதலாளிகள் சொன்னார்கள். மத நம்பிக்கையின் பேரில் எதிர்த்த உறுப்பினர்களும் பலர். கடைசியில் நிறைவேறிய மசோதா ஒரு எண்ணைச் சொன்னது: சராசரி உயர் ஓதக் கோட்டிலிருந்து 800 அடிக்குள் கேசினோ தரையில் நிற்கலாம். அக்டோபர் 17ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். புயலுக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஏழே வாரம். எந்த அரசும் இவ்வளவு விரைவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. அது சரியான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அன்று கூடாரத்தில் இருந்த எங்களுக்கு அது வேலை திரும்பக் கிடைக்கும் என்ற முதல் செய்தி.

ஆனால் அதே ஏழு வாரத்தில் எங்களில் எத்தனை பேருக்குக் கூரை கிடைத்தது? கரையில் கேசினோ ஊழியர்கள் ஏறத்தாழ 14,000 பேர். சில நிறுவனங்கள் சம்பளத்தைத் தொடர்ந்தன; ஹாராஸ் 90 நாள் ஊதியம் தருவதாக அறிவித்தது. அந்தத் தொகை பலரைக் காப்பாற்றியது. ஆனால் பலர் அதை வைத்துக்கொண்டு ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் போய், அங்கேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் வந்தது, தங்க இடம் வரவில்லை.

எந்தக் கேசினோக்கள் முதலில் திறந்தன என்று பார்த்தாலே இது விளங்கும். டிசம்பர் 22ஆம் தேதி இம்பீரியல் பேலஸ், 26ஆம் தேதி ஐல் ஆஃப் காப்ரி, 30ஆம் தேதி பேலஸ் கேசினோ. புயலுக்குப் பிறகு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றுக்கும் பொதுவானது நிமிர்ந்து நின்ற ஓட்டல் கோபுரம். இம்பீரியல் பேலஸ் நகரின் வடக்கே, பின்வளைகுடாப் பக்கம் இருந்ததால் திறந்த கடலின் நேரடி அடி அதன்மேல் விழவில்லை. ஐல் ஆஃப் காப்ரியோ பார்ஜுக்காகக் காத்திருக்காமல் ஓட்டலுக்குள் கூட்டங்கள் நடத்தும் இடத்தையே சூதாட்டக் கூடமாக்கிக்கொண்டது. புதிய சட்டம் வராவிட்டால் இது நடந்திருக்காது. ஆனால் ஓட்டல் நின்றதற்கு இன்னொரு பயன் இருந்ததைச் செய்தித்தாள்கள் அதிகம் எழுதவில்லை. கோபுரம் இருந்தால் அறைகள் இருந்தன. அறை இருந்தால் எலெக்ட்ரீஷியனுக்கும் சமையல்காரருக்கும் படுக்க இடம் கொடுத்து அழைக்கலாம். அறை இல்லாத நிறுவனங்கள் வேலைக்கு ஆள் தேடி விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தன.

எங்கள் மேலாளர் ஒருவர் நல்ல மனிதர், ஆனால் மெஷின் ஆர்டர் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். மெஷின் தயாராகும் ரீனோ நகரிலிருந்து எத்தனை பெட்டி எந்த வாரம் வரும் என்று கேட்பார். நான் ஒரு நாள் அவரிடம், "சார், பெட்டிகள் வந்துவிடும். திறந்து வைக்க ஆள் எங்கே?" என்றேன். அவர் பட்டியலை வைத்துவிட்டு, "நீ எங்கே தூங்குகிறாய்?" என்று கேட்டார். கூட வேலை பார்த்த ஒருவரின் வண்டிக்கொட்டகையில் என்றேன். அதற்குப் பிறகுதான் எங்கள் நிறுவனம் வாகன நிறுத்தத்தின் ஒரு பகுதியில் ஊழியர்களுக்கு டிரெய்லர் வைக்க முயற்சி எடுத்தது. தண்ணீர்க் குழாய்க்கும் கழிவு நீருக்கும் நகராட்சி அனுமதி வாங்குவதில் மாதங்கள் போயின. சூதாட்டக் கூடத்துக்கான அனுமதி அதைவிடச் சீக்கிரம் வந்தது.

அந்த டிரெய்லர்கள், ஃபீமா என்ற கூட்டாட்சி நிவாரண அமைப்பு ஆயிரக்கணக்கில் கொடுத்தவை, தனியாக எழுதவேண்டிய விஷயம். பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்தது. கண் எரிச்சல், இருமல் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து அளவு அதிகம் என்று 2008இல்தான் அறிவித்தது. சீட்டுப் போடும் எங்கள் டீலர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டே மேசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னோடு பழக்கமான வியட்நாம் அம்மா ஒருவர் பிளாக்ஜாக் மேசையில் டீலர். கணவர் இறால் படகு வைத்திருந்தார். பிலாக்ஸியின் கிழக்கு முனையில், பாயின்ட் கேடெட் பகுதியில் அப்படி எத்தனையோ குடும்பங்கள்: ஆண்கள் கடலில், பெண்கள் கேசினோவில். 1970களின் கடைசியிலிருந்து வந்து குடியேறியவர்கள். கடல் ஒரே நாளில் படகு, வீடு, கேசினோ மூன்றையும் எடுத்தது. அவர் திரும்பி வேலைக்கு வர விரும்பினார், ஆனால் வருவதற்குக் காகிதம் இல்லை. கேசினோவில் வேலை செய்ய ஆணையம் கொடுக்கும் பணி அனுமதி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்க அடையாளச் சான்று வேண்டும். அடையாளச் சான்றுகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. ஆணையத்தின் ஊழியர்கள் பொறுமையாக, பழைய கைரேகைகளை வைத்து ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டார்கள். வேலை கிடைத்தது. பழைய மனையில் வீடு கட்ட அவரால் முடியவில்லை. புதிய வெள்ளவரைபடம் தரைத்தளத்தை மிக உயரத்தில் தூக்கச் சொன்னது, காப்பீட்டுக் கட்டணம் சம்பளத்துக்கு எட்டவில்லை. விரிகுடாவுக்கு அப்பால் டிஐபர்வில்லில் வாடகைக்குப் போனார்.

காப்பீடு பற்றி நீட்ட விரும்பவில்லை. காற்று இடித்ததா, தண்ணீர் இடித்ததா என்ற கேள்வி அந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டிலும் வழக்கானது. பெரிய கேசினோக்களுக்குக் கட்டடத்துக்கும் வியாபாரம் நின்ற நாட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு இருந்தது, அவர்களிடம் வக்கீல்களும் இருந்தார்கள். என் வீட்டில் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருந்தது. என் காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்து இது தண்ணீர், பணம் கிடையாது என்று சொல்லி முடித்துக்கொண்டது. 2005 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் வளைகுடாப் பகுதிக்கு வரிச்சலுகை கொடுத்தபோது சூதாட்டக் கூடங்களை அதிலிருந்து ஒதுக்கியது. ஆகவே கேசினோக்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பணத்திலும் காப்பீட்டுப் பணத்திலும்தான் கட்டின. அதை அவர்கள் கணக்கில் எழுதியாக வேண்டும்.

திறப்புக்கு முந்தைய வாரங்கள்தான் எங்கள் தொழிலின் உச்சம். புதிய மெஷின் வந்ததும் கூடத்தில் நிறுத்திச் செருகிவிட முடியாது. ஒவ்வொன்றின் நிரல் சிப்பையும் கோபெட்ரான் என்ற கருவியில் வைத்து, ஆணையம் அனுமதித்த நிரலின் கையொப்ப எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்தால் பலகைப் பெட்டியைப் பூட்டி, எண் போட்ட முத்திரைநாடா ஒட்டுவார்கள். பிறகு நோட்டு வாங்கும் கருவி, சீட்டு அச்சிடும் கருவி, கணக்கு சர்வருக்குப் போகும் இணைப்பு. ஒரு டாலர் போட்டு, ஆடி, வெளியே எடுத்து, சர்வரில் அதே டாலர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே கேமரா ஒவ்வொரு மேசையையும் எண்ணும் அறையையும் பார்க்கிறதா என்று தனியே சோதிப்பார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் திறக்க முடியாது. ஒரு கூடத்துக்கு ஆயிரம் மெஷின் என்றால் ஆயிரம் முறை இந்தச் சடங்கு.

அந்தத் திறப்பில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. புயலுக்கு முன் எங்கள் கூடத்தில் பாதி மெஷின்கள் நாணயம் கொட்டின. புதிதாக வந்தவை அத்தனையும் காகிதச் சீட்டு மெஷின்கள். நாணய வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், சில்லறை மாற்றிக் கொடுத்தவர்கள், நாணயம் எண்ணும் அறையில் முதுகு ஒடிய வேலை பார்த்தவர்கள் யாருக்கும் திரும்பி வர வேலை இல்லை. எப்படியும் சில ஆண்டுகளில் நடந்திருக்கும். ஆனால் படிப்படியாக நடந்திருந்தால் அவர்களை வேறு வேலைக்குப் பழக்கியிருக்கலாம். புயல் நிறுவனத்துக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டது. கேசினோக்கள் மீண்டன என்று எழுதுகிறவர்கள் இவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய கூடங்கள் 2006 கோடையில் வரிசையாகத் திறந்தன. போ ரிவாஜ் சுமார் 55 கோடி டாலர் செலவில் சரிசெய்து, கட்ரீனாவின் முதலாண்டு நிறைவு நாளான ஆகஸ்ட் 29 அன்றே கதவைத் திறந்தது. ஹார்ட் ராக் திறக்க 2007 நடுப்பகுதி ஆயிற்று. அந்த ஆண்டு கரையின் சூதாட்ட வருமானம் சுமார் 130 கோடி டாலர். புயலுக்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு இல்லை. ஆளுநர் முதல் முதலாளி வரை அந்த எண்ணைச் சொன்னார்கள். கூடத்தில் நின்ற எனக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று முகம் முகமாகத் தெரியும். ஊரெங்கும் நிறைந்திருந்த கட்டடத் தொழிலாளிகளின் வாரக்கூலி அதில் இருந்தது. வீடு கட்ட வந்த காப்பீட்டுக் காசோலையும் இருந்தது. வீடு கட்ட வழியில்லாமல், போதாத அந்தத் தொகையை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்தேன். அந்த மெஷின்களைச் சரியாக ஓட வைத்தது என் கை. வேலையைச் செய்தேன், ஆனால் அந்த ஆண்டின் வருமானத்தை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரைக்கு வந்தது உண்மையில் நல்ல மாற்றம். மறுபடி கட்டியபோது எங்கள் கூடத்தில் மின்பலகைகளும் ஜெனரேட்டரும் சர்வர் அறையும் மேல்தளத்துக்குப் போயின. கீழே தண்ணீர் வந்தாலும் போகட்டும் என்று விட்ட வாகன நிறுத்தம். 2012இல் ஐசக் புயலும் 2020இல் ஸீட்டாவும் வந்தபோது கேசினோக்கள் மூடிச் சில நாளில் திறந்தன. ஊருக்குள் எந்தப் பார்ஜும் பாயவில்லை. ஆனால் ஊர் சுருங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிலாக்ஸியின் மக்கள்தொகை 50,644; 2010இல் 44,054. கிழக்கு முனையில் வீடுகள் இருந்த தெருக்களில் புல் வளர்ந்தது. கேசினோ ஊழியர்கள் வடக்கே தள்ளித் தள்ளிக் குடியேறி, பெட்ரோலுக்குச் செலவழித்து வேலைக்கு வந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 27 அன்று லாரா புயல் லூசியானாவைத் தாக்கியபோது, லேக் சார்ல்ஸ் நகரில் ஐல் ஆஃப் காப்ரியின் மிதக்கும் கேசினோ கட்டை அறுத்துக்கொண்டு போய், ஐ-10 நெடுஞ்சாலைப் பாலத்தில் முட்டி நின்றது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே காட்சி. கலம் நிற்கும் துறையிலிருந்து 1,200 அடிக்குள் தரையில் கட்டலாம் என்று லூசியானா 2018இலேயே சட்டம் செய்திருந்தது. ஆனால் கட்டி முடிப்பதற்குள் புயல் முந்திவிட்டது. அந்த இடத்தில் ஹார்ஸ்ஷூ என்ற பெயரில் தரைக் கேசினோ 2022 டிசம்பரில் திறந்தது. பிலாக்ஸியின் முதல் மூன்று கூடங்கள் நான்கு மாதத்தில் திறந்ததோடு ஒப்பிட்டால் இது இரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

லாரா போன வாரத்தில் அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர் என்னை அழைத்தார். முன்பு என்னிடம் வேலை கற்றவர். மெஷின்களை எப்படிப் பிரித்து அடுக்குவது, எந்த ஆவணத்தை முதலில் தேடுவது என்று கேட்டார். மீட்டர் வாசிப்பு பத்திரமா என்று கேட்டேன், பத்திரம் என்றார். "அப்படியென்றால் மெஷின் அங்கேயே கிடக்கட்டும். உங்கள் ஷிப்டில் இருந்த ஒவ்வொருவரும் இப்போது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், திறப்புத் தேதியைக் கேட்பதற்கு முன் இவர்களுக்கு எங்கே அறை என்று கேளுங்கள்" என்றேன். சரி என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கிக்கொண்டு, முதல் பெயரை எனக்குக் கேட்கும்படி சொல்லி எழுத ஆரம்பித்தார்.